ஈரலில் விற்றமின் ஏ இருந்தும் இரத்தத்தில் குறைவாகக் காட்டுமா?

திருகோணமலையிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: “பிள்ளைக்கு மீனும் முருங்கையிலையும் தவறாமல் கொடுக்கிறோம். காய்ச்சலோடு இரத்தம் பார்த்தபோது விற்றமின் ஏ குறைவு என்றார்கள். எப்படி?”

காட்டும். விற்றமின் ஏ எண்ணெயில் கரைவது. இரத்தத்தில் தனியே ஓடாது. ரெட்டினோல் பிணைப்புப் புரதம் என்ற ஒன்றை ஈரல் செய்து, அதில் ஏற்றித்தான் அனுப்பும். ரெட்டினோல் என்பது இரத்தத்தில் போகும் விற்றமின் ஏதான். ஒரு புரதத்தில் ஒரேயொரு ரெட்டினோல் மூலக்கூறுதான் ஏறும். புரதமோ மிகச் சிறியது, சுமார் 21,000 டால்டன் (மூலக்கூறின் எடையைச் சொல்லும் அலகு). தனியே போனால் சிறுநீரகம் வடித்துவிடும். அதனால் டிரான்ஸ்தைரெட்டின் என்ற பெரிய புரதத்தோடு சேர்ந்தே பயணிக்கிறது. அந்தத் துணை தைரொயிட் ஹோர்மோனையும் சுமக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்புத்தான்.

காய்ச்சல், தொற்று நேரத்தில் ஈரல் ரெட்டினோல் பிணைப்புப் புரதத்தைச் செய்வதைக் குறைத்துவிடும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்குமுன், பாதை (ஆட்களை அக்கரை சேர்க்கும் மிதவை) வராவிட்டால் சனம் கரையிலேயே நிற்குமே, அப்படித்தான். சரக்கு ஈரலில் இருக்கும், இரத்தத்தில் தெரியாது. சாப்பாட்டில் புரதமோ துத்தநாகமோ போதாவிட்டாலும் இதே நிலைதான்.

பிள்ளை நன்றாகத் தேறிய பிறகு மறுபடி பார்க்கலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். அதுவரை நீங்களாக விற்றமின் ஏ மருந்து கொடுக்க வேண்டாம். அளவு மிஞ்சினால் ஈரலையே கெடுக்கும். அப்புறம், முருங்கையிலையைக் கொஞ்சம் எண்ணெயோ தேங்காய்ப்பாலோ சேர்த்துச் சமையுங்கள்.