ஓசூர்க் குளிரும் வரிக்குதிரை மீன் கருவும்

ரத்த நாள வளர்ச்சியை ஒரு மருந்து என்ன செய்கிறது என்று வரிக்குதிரை மீன் கருக்களில் சோதிக்கிறீர்கள்; மருந்து போடாத கருக்களிலும், கருவுற்று 30 மணி நேரத்தில் முதுகுப் பக்க ரத்த நாளங்கள் ஒன்றோடொன்று சேரவில்லை என்கிறீர்கள். அப்படியானால் மருந்தைச் சந்தேகப்படாதீர்கள், வெப்பநிலையைப் பாருங்கள். புத்தகத்தில் உள்ள நேரமெல்லாம் 28.5 டிகிரி செல்சியஸுக்கு. ஓசூர் மார்கழிக் குளிரில் கருக்கள் உள்ள தட்டை மேசைமேல் விட்டால் வளர்ச்சி கண்டிப்பாகப் பின்தங்கும். இன்குபேட்டரில் வையுங்கள். முதல் நாள் உடற்கண்டங்களை (கருவின் உடல் நெடுக வரிசையாகத் தோன்றும் துண்டங்களை) எண்ணி வயதைக் கணக்கிடுங்கள்.

பெருந்தமனியிலிருந்து புது நாளத்தின் முளை கிளம்புவது சுமார் 22 மணியில். நுனிச் செல் மெல்லிய இழைகளை நீட்டித் துழாவிக்கொண்டே மேலேறும். பக்கத்து முளை தட்டுப்பட்டதும் அங்கே செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் ஒட்டுப்புரதம் புள்ளியாகச் சேர்ந்து, பிறகு வளையமாக விரியும். பார்க்க அவ்வளவு அழகு!

சேர்ந்த உடனே ரத்தம் ஓடிவிடாது, உள்ளே குழல் திறக்க வேண்டும். நாளங்கள் ஒளிரும் ரக மீன் இல்லாமல் சாதாரண நுண்ணோக்கியில் பார்க்கிறீர்கள் என்றால், ரத்த ஓட்டம் தெரிய 48 மணிவரை பொறுங்கள்.