தம்பியின் இரட்சிப்பு போய்விட்டதா?

கேள்வி: நான் பிரதரன் சபையில் வளர்ந்தவள். கல்யாணத்துக்குப் பிறகு பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறேன். 16 வயதில் ஞானஸ்நானம் எடுத்த என் தம்பி இப்போது சபைப் பக்கமே வருவதில்லை, குடிக்கவும் செய்கிறான். "ஒருமுறை இரட்சிக்கப்பட்டவன் கெட்டுப்போக மாட்டான்" என்கிறார் அப்பா. "பின்வாங்கிப்போனவனுக்கு ஏது இரட்சிப்பு?" என்கிறார் மாமனார். அம்மா ராத்திரியெல்லாம் அழுகிறார். யார் சொல்வது சரி?
— ஒரு வாசகி

பதில்: சகோதரி, என் ஆடுகள் ஒருக்காலும் கெட்டுப்போவதில்லை என்று இயேசு சொல்லும் யோவான் 10:28-ஐ அப்பா காட்டுவார், மறுதலித்துப்போனவர்களை மறுபடியும் மனந்திரும்பச் செய்வது கூடாத காரியம் என்கிற எபிரெயர் 6-ஐ மாமனார் காட்டுவார். உங்கள் வீட்டுச் சண்டைக்கு 400 வயது ஆகிறது. நெதர்லாந்தில் ஆர்மீனியஸ் என்கிற இறையியல் பேராசிரியரின் சீடர்கள் 1610-ல் ஐந்து தீர்மானங்களை எழுதிக் கொடுத்தார்கள். விசுவாசி விழுந்துபோக முடியுமா என்கிற ஐந்தாவதில் மட்டும், 'வேதத்தை இன்னும் ஆராய வேண்டும்' என்று அவர்களே நிறுத்திக்கொண்டார்கள். 1618-19-ல் கூடிய டோர்ட் சங்கம் (அந்நாட்டுச் சீர்திருத்த சபையின் பேரவை), தேவன் தம்முடையவர்களைக் கடைசிவரை காப்பார் என்று முடிவு சொன்னது. பின்னால் வந்த, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி அதை ஏற்கவில்லை. பெந்தெகொஸ்தே சபைகள் பெரும்பாலும் அவர் வழி.

எனக்கு உங்கள் அப்பா பக்கம்தான் சாய்வு. ஆனால் அவர் அந்தப் போதனையைப் பாதிதான் சொல்கிறார். மெய்யான விசுவாசிகளும் தாவீதைப் போல, பேதுருவைப் போல மோசமாக விழலாம், பரிசுத்த ஆவியைத் துக்கப்படுத்தலாம், கிருபையின் உணர்வையே சில காலம் இழக்கலாம் என்று டோர்ட் சங்கமே எழுதி வைத்திருக்கிறது. அப்புறம், ஞானஸ்நானம் எடுத்த தேதியை அது இன்ஷூரன்ஸ் பாலிசியாக எடுத்துக்கொள்வதில்லை. 1 யோவான் 2:19-ஐக் காட்டி, 'விட்டுப்போனவன் முதலிலேயே நம்முடையவனாக இருந்தானா?' என்று கேட்கிறவர்களும் அந்தப் பக்கத்துக்காரர்கள்தான். ஆகவே "அவனுக்கு ஒன்றும் ஆகாது" என்று அப்பா கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாது.

மாமனாரிடம் எபிரெயர் 6-ஐ ஒன்பதாம் வசனம்வரை வாசிக்கச் சொல்லுங்கள். அவ்வளவு கடுமையாக எச்சரித்தவர், அதே மூச்சில் 'உங்களைக் குறித்து நல்லதையே நம்புகிறேன்' என்கிறார். வெஸ்லியும் பின்வாங்கினவர்கள் திரும்பி வரலாம் என்று பிரசங்கித்தவர்தானே. தம்பியைக் கூப்பிட வேண்டும் என்பதில் இரண்டு கட்சிக்கும் பேதமே இல்லை. அவன் உள்ளத்துக்குத் தீர்ப்பு எழுதும் வேலையை மட்டும் இருவரும் விட்டுவிடட்டும்.

அம்மாவுக்கு லூக்கா 22:32-ஐ வாசித்துக் காட்டுங்கள். பேதுரு மறுதலிப்பதற்கு முன்பே, அவன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு இயேசு ஜெபித்து முடித்துவிட்டார்.

தம்பியால் குடியை விட முடியவில்லை என்றால் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். உபவாச ஜெபமும் நடக்கட்டும், சிகிச்சையும் நடக்கட்டும். அவன் வீட்டில் இருக்கும்போது இந்த விவாதம் வேண்டவே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போன் செய்தால் "சபைக்குப் போனியா?" என்று ஆரம்பிக்காதீர்கள். "சாப்பிட்டியாடா?" என்று கேளுங்கள், மற்றதை அவன் பேசட்டும்.