பாக்கெட் சத்தம் கேட்கிறது, திரையில் ஒன்றும் வரவில்லை

வணக்கம் சார். காட்பாடியில் ரேடியோவின் ஸ்பீக்கர் வெளியீட்டை லேப்டாப் மைக்கில் சொருகியும், பாக்கெட்டுகளை (ரேடியோவில் சத்தமாக வரும் தரவுத் துண்டுகளை) படித்துக் காட்டும் டைர்வுல்ஃப் மென்பொருள் ஒரு வரிகூடக் காட்டவில்லை என்கிறீர்கள். சத்துவாச்சாரியில் எனக்கும் இதே பாடுதான். மைக் உள்ளீடு மில்லிவோல்ட் கணக்கில் எதிர்பார்ப்பது. ஸ்பீக்கர் தருவது பல மடங்கு. பாக்கெட்டைச் சுமக்கும் 1200, 2200 ஹெர்ட்ஸ் தொனிகளின் அலை உச்சி இதனால் வெட்டுப்பட்டால் மென்பொருள் திணறும்.

லேப்டாப்பில் மைக் பூஸ்ட்டையும் (மைக் ஒலியைக் கூட்டும் வசதி) இரைச்சல் குறைப்பையும் அணையுங்கள். இரண்டாவதுதான் மோசம், பாக்கெட்டையே இரைச்சலென்று விழுங்கிவிடும்! ரேடியோவில் ஸ்குவெல்ச் (சிக்னல் இல்லாதபோது ஒலியை அடைக்கும் வசதி) திறந்தே இருக்கட்டும், இல்லாவிட்டால் பாக்கெட்டின் தொடக்கம் போய்விடும். அப்புறம் ரேடியோ வால்யூமை அடியிலிருந்து மெதுவாக ஏற்றுங்கள். பாக்கெட் படிக்கத் தொடங்கியதும் டைர்வுல்ஃப் காட்டும் ஆடியோ அளவு 50 பக்கம் நின்றால் சரி. அப்போதும் அதிகமென்றால் ஒயரில் தொடராக 10 கிலோஓம், மைக் முனையிலிருந்து கிரவுண்டுக்கு 1 கிலோஓம் ரெசிஸ்டர் போடுங்கள். என்ன அளவு வந்தது என்று எழுதுங்கள், பார்க்கலாம்.