இரண்டு பக்கமும் நானே ஆடலாமா? – கடிதம்

அன்புள்ள சார்,

நெப்போலியன் கடைசியாகத் தோற்ற வாட்டர்லூ போருக்கு முந்தைய நாட்களைத் தனியாக மேசையில் ஆடிப் பார்ப்பதாகப் போன மாதக் கட்டுரையில் போகிறபோக்கில் சொல்லியிருந்தீர்கள். எனக்கும் மூன்று வருடமாக அந்தப் பைத்தியம்தான். 1/72 அளவு பிளாஸ்டிக் வீரர்கள், பிரெஞ்சும் பிரஷ்யனுமாக நானூறு பேருக்கு மேல் பெயின்ட் அடித்துவிட்டேன். எங்கள் ஊரில் இதை ஆட வேறு ஆள் கிடையாது. சாப்பாட்டு மேசையும் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கிடைக்கும். சிக்கல் என்னவென்றால், நெப்போலியனாக யோசித்து முடித்து, எழுந்து மேசைக்கு அந்தப் பக்கம் போய் பிரஷ்யத் தளபதி ப்ளூஹராக உட்கார்ந்தால், எதிரி என்ன செய்யப்போகிறான் என்பது எனக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. தெரியாத மாதிரி நடிக்கிறேன். ஐந்து முறை ஆடினேன், ஐந்து முறையும் பிரெஞ்சுக்காரர்களே ஜெயித்தார்கள், எனக்கு அவர்களைப் பிடிக்கும் என்பதைத் தவிர வேறு காரணமில்லை. இது என்னை நானே ஏமாற்றிக்கொள்வதுதானே? ஒற்றை ஆளாக ஒரு முழுப் படையெடுப்பை நேர்மையாக ஆட வழி உண்டா? என் பட்டாலியன் ஒன்றின் படம் இணைத்திருக்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வழி உண்டு. நெப்போலியன் நாற்காலி, ப்ளூஹர் நாற்காலி இரண்டையும் விட்டு எழுந்திருங்கள். மூன்றாவதாக ஒரு நாற்காலி இருக்கிறது, அது நடுவருடையது. 1824இல் ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்ய அதிகாரி தன் படைக்கு ஒரு போர் ஆட்டத்தை உருவாக்கிக் கொடுத்தார். அதில் இரண்டு தரப்பும் காகிதத்தில் கட்டளை எழுதி நடுவரிடம் தருவார்கள், ஒவ்வொரு தரப்புக்கும் கண்ணுக்கு எட்டியது மட்டும்தான் காட்டப்படும், எல்லாம் தெரிந்த ஒரே ஆள் நடுவர். அதைப் பார்த்து அசந்துபோய்ப் படை முழுக்கப் பரிந்துரைத்த தளபதி ம்யூஃப்லிங், 1815இல் பிரஷ்யர்களின் தொடர்பு அதிகாரியாக, அவர்களின் கூட்டாளியான பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனோடு இருந்தவர். கடிதம் தாமதமானால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. தனியாக ஆடுகிறவன் அந்த நடுவர்தான். ஆட்டக்காரர்கள் இரண்டு பேரும் வராமல் போய்விட்டார்கள், அவ்வளவுதான்.

ஆரம்பத்தில் நானும் உங்களைப் போல மறைக்கத்தான் பார்த்தேன். தீப்பெட்டி முறை என்று பழைய ஆட்டக்காரர்களிடம் ஒன்று உண்டு. வரைபடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு காலித் தீப்பெட்டி என்று அடுக்கி ஒட்டி, எந்தப் படை எங்கே இருக்கிறதோ அந்தப் பெட்டிக்குள் ஒரு துண்டுச்சீட்டைப் போட்டு மூடிவிடுவார்கள். இரண்டு தரப்புச் சீட்டும் ஒரே பெட்டிக்குள் வந்தால் சண்டை. டீக்கடையில் சொல்லிவைத்து மாதக்கணக்கில் காலிப்பெட்டி சேர்த்து நூற்றிருபது பெட்டிகளை ஒட்டினேன். பார்க்க நாட்டுமருந்துக் கடை அலமாரி போல அழகாகத்தான் இருந்தது. ஆனால் சீட்டை உள்ளே போட்டவனும் நான்தானே? எந்தப் பெட்டியில் யார் என்பது ஒரு வாரம் ஆனாலும் மறக்கவில்லை. அலுவலகத்தில் மேலாளர் சொன்னது மறந்துபோகிறது, பிரஷ்யர்களின் நான்காவது கோர் (பல ஆயிரம் பேர் கொண்ட பெரும்படைப் பிரிவு) எங்கே நிற்கிறது என்பது மறக்க மாட்டேன் என்கிறது.

அப்புறம்தான் 1815 ஜூன் 16ஐ நிதானமாக வாசித்தேன். அன்று இரண்டு இடங்களில் சண்டை. காத்ர் ப்ராவில் பிரெஞ்சு மார்ஷல் நேயும் வெலிங்டனும், சுமார் பத்துக் கிலோமீட்டர் தள்ளி லின்யியில் நெப்போலியனும் ப்ளூஹரும். இடையில் பிரெஞ்சுத் தளபதி தெர்லோனின் கோர், ஏறக்குறைய 20,000 பேர், நேக்கு உதவப் போய்க்கொண்டிருந்தார்கள். வழியில் லின்யிப் பக்கம் திரும்பச் சொல்லி ஒரு சீட்டு வருகிறது (அதைக் கொண்டுபோனது யார் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை). திரும்பினார்கள். எதிர்பாராத திசையிலிருந்து ஒரு பெரும்படை வருவதைப் பார்த்த பிரெஞ்சுத் தளபதி வாந்தாம், எதிரி வந்துவிட்டான் என்று நெப்போலியனுக்குச் சொல்லியனுப்ப, காவற்படையின் தாக்குதல் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றுபோனது. அது யார் என்று தெரிவதற்குள் நே கோபத்தில் தெர்லோனைத் திரும்பக் கூப்பிட்டுவிட்டார். ஒரு பகுதியை அங்கே விட்டுவிட்டு மீதிப்படை மறுபடி வந்த வழியே நடந்தது, போய்ச் சேர்ந்தபோது அங்கே சண்டை முடிந்திருந்தது. இரண்டு போர்க்களங்களுக்கு நடுவில் நடந்தே பொழுது போன படை.

இதில் எதிரியின் ரகசியம் என்று ஏதாவது இருக்கிறதா? எல்லாமே சொந்தத் தரப்புக்குள் கடிதம் போன லட்சணம். 1796இலிருந்து 1814 வரை நெப்போலியனின் மனசில் இருப்பதைத் தெளிவான கட்டளையாக்கி அனுப்பிக்கொண்டிருந்த பெர்த்தியே, 1815 ஜூன் 1 அன்று பாம்பெர்க்கில் மாடி ஜன்னலிலிருந்து விழுந்து செத்துப்போனார். அவர் நாற்காலியில் அப்போது உட்கார்ந்திருந்தவர் சூல்ட். களத்தில் கெட்டிக்காரர், ஆனால் இந்த வேலை அவருடைய வேலையில்லை. வாட்டர்லூ நாளான பதினெட்டாம் தேதி பகல் ஒரு மணிக்கு, பிரஷ்யர்களைத் துரத்திப் போயிருந்த மார்ஷல் குரூஷிக்கு எழுதிய கடிதம் அவர் கைக்குப் போனபோது மாலையாகிவிட்டது.

அதனால் என் ஆட்டத்தில் எதையும் மறைப்பதில்லை, கடிதத்தைத்தான் தாமதப்படுத்துகிறேன். ஒரு சுற்று என்பது 2 மணி நேரம். தூதன் மணிக்கு 8 கிலோமீட்டர் போவான். கட்டளையைக் காகிதத்தில் எழுதி, நேரம் போட்டு, உறையில் வைத்து, எந்தச் சுற்றில் போய்ச் சேர வேண்டுமோ அதை மேலே குறித்துவிடுவேன். அந்தச் சுற்று வந்ததும் பகடை. 4, 5, 6 விழுந்தால் சேர்ந்தது, 2, 3 என்றால் ஒரு சுற்றுத் தாமதம், 1 என்றால் தூதன் போனவன் போனவன்தான். புதுக் கட்டளை கைக்கு வரும்வரை அந்தக் கோர் பழைய கட்டளைப்படியேதான் நடக்க வேண்டும், அது எவ்வளவு அசட்டுத்தனமாக இருந்தாலும் சரி. எழுதி அனுப்பியதை அடித்துத் திருத்தக் கூடாது, மாற்ற வேண்டுமானால் இன்னொரு தூதன் போக வேண்டும். இரண்டு தூதர்களை அனுப்பினால் கடிதம் தொலையும் வாய்ப்பு ஆறில் ஒன்றிலிருந்து முப்பத்தாறில் ஒன்றாகக் குறையும், ஆனால் சூல்ட்டுக்கு நாளைக்கு எட்டுத் தூதர்கள்தான். காலையிலேயே நான்கைச் செலவழித்துவிட்டு மாலையில் கையைப் பிசைந்துகொண்டு நிற்க நேரும், நின்றிருக்கிறேன்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். என் போன ஆட்டத்தில் பதினாறாம் தேதி மதியம் தெர்லோனை லின்யிக்குத் திரும்பச் சொல்லி ஒற்றைத் தூதனை அனுப்பினேன். பகடையில் 1. தெர்லோனின் நான்கு பேஸ்கள் (வீரர்களை ஒட்டிவைக்கும் தட்டுகள்), பேஸுக்கு எட்டு வீரர்கள், பிரஸ்ஸல்ஸ் சாலையில் வடக்கே போய்க்கொண்டிருந்தன. அந்தப் பக்கம் லின்யியில் பிரஷ்யர்களின் வலது பக்கம் திறந்து கிடப்பது மேலே நின்று பார்க்கிற எனக்குத் தெரியும், தெர்லோனுக்குத் தெரியாது. என் கையாலேயே அந்த நான்கு பேஸ்களையும் எடுத்துத் தப்பான திசையில் இன்னும் ஒரு கட்டம் தள்ளி வைத்தேன். அடுத்த சுற்றில் மறுபடியும். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன், அவ்வளவு எரிச்சல். எதிரில் ஆள் உட்கார்ந்து ஆடியபோது ஒரு நாளும் எனக்கு இப்படி ஆனதில்லை. பாரதக் கூத்து பார்க்க உட்கார்கிறவனுக்குக் கர்ணன் விழப்போவது தெரியாதா என்ன? தெரிந்துதான் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறான்.

பிரெஞ்சுப் பாசத்துக்கு மருந்து வேறு. ஒவ்வொரு நாள் விடியலிலும் ஒவ்வொரு தளபதிக்கும் அவர் செய்யக்கூடிய மூன்று காரியங்களை எழுதுங்கள், நீங்கள் விரும்புகிறதை இல்லை, அந்த ஆள் செய்வதை. எழுபத்திரண்டு வயதிலும் பாய்வதைத் தவிர வேறெதுவும் தோன்றாத ப்ளூஹருக்கு 1 முதல் 4 வரை விழுந்தால் முன்னேற்றம், 5 என்றால் நின்ற இடத்தில் நிற்பது, 6 என்றால் பின்வாங்கல். வெலிங்டனுக்கு வேறு கணக்கு. கீழே உள்ளவர்களுக்கும் ஒரு பகடை கொடுங்கள், ஏனென்றால் கட்டளையை மீறியதால் பிழைத்த கதையும் அதே ஜூனில் உண்டு. பதினைந்தாம் தேதி இரவு வெலிங்டனின் கட்டளைப்படி நடந்திருந்தால் படைகள் நிவெல் பக்கம் கூடியிருக்கும், காத்ர் ப்ரா சந்திப்பு காலியாகியிருக்கும். அங்கிருந்த நெதர்லாந்துப் படையின் பெர்போன்ஷேயும் மேலிடத்தில் இருந்த ரெபெக்கும் நிலைமையை நேரில் அறிந்து அந்த இடத்தை விட மறுத்தார்கள். சதுரங்கத்தில் குதிரை உங்களை எதிர்த்துப் பேசாது, இங்கே பேச வேண்டும்.

இருட்டில் சாலையை விட்டு விலகி நடக்கும் படைக்கு 1, 2 விழுந்தால் வழி தவறும் என்று ஒரு விதி வைத்திருக்கிறேன். அது நம்ம பக்கத்திலிருந்து எடுத்தது. 1799 ஏப்ரலில் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வெளியே சுல்தான்பேட்டைத் தோப்பில் ராத்திரி தாக்கப்போய் இருட்டில் குழம்பித் திரும்பியது பின்னால் வெலிங்டன் ஆன அதே ஆர்தர் வெல்லெஸ்லி. அன்று அவரோடு இருந்த 33ஆவது ரெஜிமென்ட் பதினாறு வருடம் கழித்துக் காத்ர் ப்ராவிலும் நின்றது.

ஒன்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், படையெடுப்பு ஆட்டம் நல்ல சண்டைகளைத் தரும் என்று எதிர்பார்க்காதீர்கள். பாதி சண்டைகள் ஒருவனுக்கு மூன்று பேர் என்றுதான் வரும், அவற்றை மேசையில் பரப்பவே வேண்டாம், காகிதத்திலேயே முடித்துவிடலாம். என் ஆட்டத்தில் லின்யியில் ப்ளூஹர் தோற்றார். அதுவரை வரலாறு மாதிரியேதான். நிஜத்தில் ப்ளூஹர் குதிரைக்கு அடியில் சிக்கிக் கிடந்த அந்த இரவில் அவருக்கு அடுத்த நிலையில் இருந்த க்னைஸெனாவ் படையை வடக்கே வாவ்ருக்குத் திருப்பினார், அதனால்தான் பதினெட்டாம் தேதி அவர்களால் வாட்டர்லூவுக்கு வர முடிந்தது. நான் எழுதிவைத்தது 1 முதல் 4 வரை வாவ்ர், 5, 6 என்றால் கிழக்கே லியேஜ். விழுந்தது 6. பிரஷ்யர்கள் கிழக்கே போய்விட்டார்கள், தனியாக நிற்க வெலிங்டனுக்கு என்ன தலையெழுத்து, அவரும் பிரஸ்ஸல்ஸை விட்டுவிட்டு ஆன்ட்வெர்ப் பக்கம் நகர்ந்துவிட்டார். வாட்டர்லூவே நடக்கவில்லை. அந்த ஒரு சண்டைக்காக ஐந்து மாதம் உட்கார்ந்து ஸ்காட்ஸ் கிரேஸ் குதிரைப்படையின் இருபத்துநான்கு சாம்பல் குதிரைகளுக்குப் பெயின்ட் அடித்திருந்தேன். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு சாம்பல். பகடையை மறுபடி கையில் எடுத்துவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கதவோரம் நின்ற என் மகள், "அப்பா, விழுந்தது விழுந்ததுதான்" என்றாள். குதிரைகள் இன்னும் கண்ணாடி அலமாரியில்தான் நிற்கின்றன.

சாப்பாட்டு மேசை ஒரு பிரச்சினையே இல்லை. வரைபடம் சுவரில் இருக்கட்டும், வாரநாட்களில் இரவு ஒரு சுற்று, ஒரு பகடை, நோட்டுப்புத்தகத்தில் நாலு வரி. சண்டை மூண்டால் மட்டும் ஞாயிற்றுக்கிழமை வீரர்களை இறக்குங்கள். லின்யியில் பிரெஞ்சுக்காரர்கள் மட்டும் சுமார் 68,000 பேர், அத்தனை பேரையும் பட்டாலியன் பட்டாலியனாக வைக்க உங்கள் மேசை போதாது, என் மேசையும் போதாது. ஒரு பேஸ் என்றால் ஒரு பிரிகேட் அல்லது டிவிஷன் என்று வைத்துக்கொள்ளுங்கள், நானூறு பேரே தாராளம். சண்டை முடிந்ததும் ஓடிப்போனவர்களில் பாதிப்பேர் மறுநாள் காலை கொடிக்குத் திரும்பி வந்துவிடுவார்கள் என்று ஒரு வழி வையுங்கள், இல்லாவிட்டால் இரண்டாம் நாளே படை காலியாகிவிடும்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெள்ளைக் குறுக்குப்பட்டைகள் பிரமாதம், எனக்கு அவ்வளவு நேராக வராது. ஆனால் 1808க்குப் பிறகு பிரெஞ்சுப் பட்டாலியனில் ஆறு கம்பெனிகள், நான்கு ஃபியூசிலியர் (சாதாரணக் காலாட்கள்), ஒரு கிரெனடியர் (தேர்ந்தெடுத்த பலசாலிகள்), ஒரு வோல்டிஷர் (முன்னால் சிதறிப் போய்ச் சுடுபவர்கள்). கிரெனடியர்கள் வரிசையின் வலது ஓரம், வோல்டிஷர்கள் இடது ஓரம். நீங்கள் வலது ஓரத்தில் நிற்பவர்களின் தோளுக்கு வோல்டிஷர்களின் பச்சையை அடித்திருக்கிறீர்கள். அங்கே சிவப்பு வர வேண்டும். பேஸில் இன்னும் ஒட்டவில்லை என்றால் பெயின்டைத் தொட வேண்டாம், ஆட்களை இடம் மாற்றினால் போதும்.