இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு 27 வயது. முதல் கர்ப்பம், 5 மாதம் முடிந்திருக்கிறது. தொடக்கத்தில் 12.2 கிராம் இருந்த ஹீமோகுளோபின் இப்போது 10.8 ஆகிவிட்டது. ஆனால் இரும்புச்சத்து மாத்திரை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. குமட்டல், மலச்சிக்கல், மலமும் கறுப்பாகப் போகிறது. இரண்டு வாரமாக நிறுத்திவிட்டேன். நல்ல உணவு சாப்பிட்டாலே போதாதா?

பதில்: முதலில் அந்த 10.8. நீங்கள் பயப்படும் அளவுக்கு அது மோசமில்லை. கர்ப்பகாலத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி ஏறக்குறைய 40 முதல் 50 சதவீதம் கூடுகிறது. சிவப்பணுக்கள் அந்த வேகத்துக்குக் கூடுவதில்லை. அதனால் ரத்தம் நீர்த்து, அளவு இறங்கியதுபோல் தெரியும். உலக சுகாதார நிறுவனம் முதல், கடைசி மும்மாதங்களில் 11 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை என்கிறது. நடு மும்மாதத்துக்கு அந்த எல்லை 10.5. நீங்கள் இப்போது அந்த நடுப்பகுதியில் இருக்கிறீர்கள்.

அப்படியானால் மாத்திரை வேண்டாமே என்று நினைத்துவிடாதீர்கள். ஹீமோகுளோபின் காட்டுவது ரத்தத்தில் ஓடுவதை மட்டும்தான். சேமிப்பில் எவ்வளவு மிச்சம் என்பதை ஃபெரிட்டின் பரிசோதனை சொல்லும். அது 30-க்குக் கீழே இருந்தால், ஹீமோகுளோபின் நன்றாக இருந்தாலும் கையிருப்பு கரைகிறது என்றே பெரும்பாலான மருத்துவர்கள் எடுத்துக்கொள்வோம்.

உணவு போதாதா என்ற கேள்விக்குக் கணக்கே பதில் சொல்லும். ஒரு கர்ப்பம் முழுவதற்கும் சுமார் 1,000 மில்லிகிராம் இரும்பு தேவை. குழந்தைக்கும் நஞ்சுக்கொடிக்கும் 300-க்கு மேல், தாயின் கூடுதல் சிவப்பணுக்களுக்கு 450 அல்லது 500, மீதி உடலின் வழக்கமான இழப்பு. மாதவிடாய் நிற்பதால் மிச்சமாவது இதை ஈடுகட்டாது. இந்தத் தேவை மாதம்தோறும் ஒரே சீராகவும் வருவதில்லை. முதல் மாதங்களில் நாளொன்றுக்கு 1 மில்லிகிராம் உடலில் சேர்ந்தாலே போதும்; கடைசி மாதங்களில் 6, 7 வரை வேண்டியிருக்கும். உண்பதில் சிறு பங்கைத்தான் குடல் ஏற்றுக்கொள்கிறது. கர்ப்பத்தில் அது கூடுதலாகவே உறிஞ்சும் என்றாலும், தட்டை நிரப்பி மட்டும் அந்த அளவை எட்டுவது கடினம். இறைச்சி, மீன், பருப்பு, கீரை எல்லாம் சாப்பிடுங்கள், நல்லதே. ஆனால் நீங்கள் மாத்திரையை நிறுத்தியிருப்பது, தேவை ஏறத் தொடங்கும் நேரத்தில்.

இனி வயிற்றுத் தொல்லை. மலம் கறுப்பதற்குக் காரணம் உறிஞ்சப்படாமல் வெளியேறும் இரும்பு. அதைப் பொருட்படுத்த வேண்டாம். தார்போல் ஒட்டிக்கொண்டு துர்நாற்றத்துடன் போனாலோ ரத்தம் தெரிந்தாலோ மட்டும் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். குமட்டலுக்கு, படுக்கப்போகும் முன் எடுத்துப் பாருங்கள். வெறும் வயிற்றில் நன்றாக உறிஞ்சப்படும் என்பது உண்மைதான், ஆனால் உங்களைப்போன்றவர்களுக்கு அதை நான் வலியுறுத்துவதில்லை. சிறிது உணவுடன் விழுங்கிய மாத்திரை, டப்பாவில் தூங்கும் மாத்திரையைவிட மேல். தேநீர், காபி, கால்சியம் மாத்திரை, அமிலக் குறைப்பு மருந்து ஆகியவற்றுக்கு மட்டும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

அப்போதும் முடியாவிட்டால் உங்கள் மருத்துவரிடம் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். ஒன்று, இரும்பின் அளவு குறைவான வேறு மாத்திரை. தடுப்புக்காக உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவே நாளுக்கு 30 முதல் 60 மில்லிகிராம்தான். அதனுடன் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். மற்றொன்று, ஒருநாள் விட்டு ஒருநாள் எடுப்பது. ஒரு மாத்திரை உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. ஏறத்தாழ ஒரு நாளுக்கு அது குடலின் உறிஞ்சலைக் கட்டுப்படுத்துகிறது. எனவே இடைவெளி விட்டால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் சேரும் பங்கு கூடும், வயிறும் ஓய்வெடுக்கும். இதை நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். ஃபெரிட்டின் மிகக் குறைவாக இருந்தால் வழி வேறாகலாம். எந்த மாத்திரையும் ஒத்துவராதவர்களுக்கு, முதல் மும்மாதம் கடந்தபின் நரம்பு வழியாக இரும்பு ஏற்றவும் முடியும்.

முறையாக எடுத்தும் சில வாரங்களில் ஹீமோகுளோபின் அசையவில்லை என்றால், அளவைக் கூட்டிக்கொண்டே போகக் கூடாது. பி12 குறைபாடு, தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறின் மரபுக்கூறு போன்றவற்றைப் பார்க்க வேண்டும். தலசீமியா மரபுக்கூறு இருந்தால் குழந்தையின் தந்தைக்கும் பரிசோதனை தேவைப்படும்.

மூச்சுவாங்குதல், படபடப்பு, மயக்கம் இருந்தால் அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திருக்காதீர்கள். இல்லாவிட்டால் இந்த வாரமே மருத்துவரைப் பார்த்து, ஃபெரிட்டினுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு, மாத்திரையை மறுபடி தொடங்குங்கள்.