17 நிமிட ரோகிணி

அன்புள்ள ஐயா,

செவ்வாயின் நிலாவான ஃபோபோஸ் மேற்கில் உதித்துக் கிழக்கில் மறைகிறதாமே, ஏன் என்று எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் கேட்டாள். அது தலைகீழாகச் சுற்றுகிறது என்றேன். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். புத்தகத்தில் இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நான் சொன்னது சரிதானா? அது வேற்றுக்கிரகவாசிகள் செய்தது என்றும், ஒரு நாள் செவ்வாயில் விழுந்துவிடும் என்றும் யூடியூபில் சொல்கிறார்களே?

ஒரு வாசகர், பெரம்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

சரியில்லை. அதைவிட, திறந்தே பார்க்காத புத்தகத்தைச் சாட்சிக்கு இழுத்திருக்கிறீர்கள்.

வேற்றுக்கிரகவாசிகளை விடுங்கள். அது 27 கிலோமீட்டர் நீளமுள்ள கோணல்மாணலான கரும்பாறை. மங்கள்யான் 2020 ஜூலையில் படம் எடுத்திருக்கிறது, பாருங்கள். விழுவதும் உண்மைதான்: நூறு ஆண்டுக்குச் சுமார் 1.8 மீட்டர் நெருங்குகிறது. விழவோ உடைந்து சிதறவோ சில கோடி ஆண்டுகள் ஆகும்; உங்கள் மகளின் முழுப் பரீட்சை அதற்குள் முடிந்துவிடும்.

அவளுடைய இரண்டாவது கேள்விக்காகத்தான் எழுதுகிறேன். போன வாரம் மாம்பலத்தில் பழைய வீட்டைக் காலி செய்தபோது, அப்பா சேர்த்துவைத்த தினசரிக் காலண்டர் தாள்கள் ஒரு கட்டு கிடைத்தன. பின்பக்கம் பால் கணக்கு. சிலவற்றில் பென்சிலால் ஒரு நிலா, பக்கத்தில் ஒரு புள்ளி.

ஏழெட்டு வயதில் அவரோடு தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் வந்துகொண்டிருந்தேன். சைதாப்பேட்டை அருகே, பக்கத்துத் தண்டவாளத்தில் ஓர் எக்ஸ்பிரஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. அது பின்னால் போகிறது என்று கத்தினேன். "அதுவும் எழும்பூருக்குத்தான் போகிறது. கம்பத்தோடு சேர்த்துப் பார்" என்றார். கோடம்பாக்கம் வருவதற்குள் அது வேகமெடுத்து எங்களைத் தாண்டிப் போய்விட்டது.

அன்றிரவு மொட்டைமாடியில், கையில் காலண்டர் தாள். நேற்று கார்த்திகை, இன்று ரோகிணி, நாளை மிருகசீரிடம். நிலா தினமும் ஒரு நட்சத்திரம் கிழக்கே நகர்கிறது என்று ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் அச்சடித்துத் தொங்குகிறது. நாம் ராகுகாலம் பார்த்துவிட்டுக் கிழிக்கிறோம்! நிலா போவதும் பூமி சுழலும் திசையில்தான். பூமிக்கு ஒரு சுற்று ஒரு நாள், நிலாவுக்கு 27 நாள். நாம் முந்துவதால் அது மேற்கே சரிவதாகத் தோன்றுகிறது. சைதாப்பேட்டையில் ஊர்ந்த ரயில் அது.

ஃபோபோஸ், கோடம்பாக்கத்தில் எங்களைத் தாண்டிய ரயில். திசை அதேதான். செவ்வாய் ஒருமுறை சுழல 24 மணி 37 நிமிடம். தரைக்கு மேலே 6,000 கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் இதற்கு 7 மணி 39 நிமிடமே போதும். அதனால் மேற்கில் எழுந்து, நாலேகால் மணி நேரத்தில் கிழக்கில் இறங்குகிறது. நீங்கள் சொன்னபடி தலைகீழாகச் சுற்றினால் அது கிழக்கில்தான் உதிக்க வேண்டும், ஐயா! நெப்டியூனின் நிலாவான ட்ரைட்டன்தான் அப்படித் தலைகீழாகச் சுற்றுகிறது. மகளிடம் சொன்ன பதில், அவள் கேட்ட கேள்விக்கே நேர் எதிர்.

சும்மா 7 மணி 39 நிமிடத்தை 27ஆல் வகுத்துப் பார்த்தேன். உத்தேசமாக ஒரு நட்சத்திரத்துக்கு 17 நிமிடம். அங்கே ரோகிணியில் முகூர்த்தம் வைத்தால், மாப்பிள்ளை அழைப்பு தெருமுனை திரும்புவதற்குள் மிருகசீரிடம் வந்துவிடும்.

ஃபோபோஸைக் கண்டுபிடித்தவர் அமெரிக்க வானியலாளர் ஆசப் ஹால். செவ்வாய்க்கு நிலா உண்டா என்று தேடித் தேடி அலுத்துப்போய், 1877 ஆகஸ்டில் தேடலைக் கைவிட இருந்தார். இன்னும் ஓர் இரவு பாருங்கள் என்று விடாமல் சொன்னவர் மனைவி ஆஞ்சலின் ஸ்டிக்னி. ஃபோபோஸின் மிகப்பெரிய பள்ளத்துக்கு அவர் பெயர்தான். வீட்டில் விடாமல் கேட்பவரை நீங்கள் அனுப்பிவிட்டீர்கள். ஆனாலும் மனம் உறுத்தி எனக்கு எழுதினீர்களே, அதற்காக இத்துடன் நிறுத்துகிறேன்.

வானம் தெளிந்த இரவில் அவளை மாடிக்குக் கூட்டிப்போங்கள். நிலாவுக்குக் கிழக்கே ஒட்டினாற்போல் ஒரு நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்காருங்கள். நிலா தன் அகலத்தின் அளவு அதை நெருங்கியிருக்கும். அன்றைய தாளைக் கசக்கிப் போடாதீர்கள். பின்பக்கம் அவள் வரைந்துகொள்ளட்டும்.