அம்மாவின் காசில் அறை இறக்கிக் கட்ட வேண்டாம்

தங்கச்சி, கொழும்பு வேலையை விட்டுவிட்டு அட்டன் பக்கம் அம்மா அப்பாவின் லயத்துக்கே (தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டுக்கே) வந்துவிட்டதாகவும், பென்சன் போன அம்மாவின் இ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) காசில் பின்பக்கம் ஒரு அறை இறக்கிக் கட்டலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள். காம்பரா, அதாவது லயத்து வீடு, தோட்டத்துடையது. நாங்களும் இப்படித்தான் தகரம் அடித்து சீமெந்து பூசினோம். கதவில் பெயின்ட்கூடக் காயவில்லை, கழற்றச் சொல்லி ஆபீஸிலிருந்து ஆள் வந்துவிட்டார். தோட்ட மேலாளரான துரையிடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் ஒரு கல்லும் வைக்க வேண்டாம்.

அப்புறம், சேவைக்காலப் பணம் வந்ததா? அது இ.பி.எஃப். இல்லை, வேறு. நாட்சம்பளக்காரருக்கு வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம். அம்மா 30 வருடம் கொழுந்து எடுத்திருந்தால் 420 நாள் சம்பளம், சின்னக் காசா? வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். வராவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம்.

எல்லாம் அம்மாவின் பெயரிலேயே வங்கியில் கிடக்கட்டும். சீட்டுக்கும் வேண்டாம், மாமா கேட்டாலும் வேண்டாம். அரிசியும் கரண்ட் பில்லும் என் பொறுப்பு என்று முதல் மாதமே சொல்லிவிடுங்கள். படுக்க இஸ்தோப்பில் (முன் விறாந்தையில்) பலகைத் தட்டி போதும். அடுப்படிப் பக்கம் சூடான மூலை அம்மாவுடையது, அதை மட்டும் கேட்காதீர்கள்.